படகேறும் பத்திரங்கள்

வருமான வரி என்றால் அது கொழும்பில் கடை வைத்திருப்பவர்களின் பாடு என்று யாழ்ப்பாணத் தீவகத்தில் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அதற்குக் காரணமும் இருந்தது. 1932 இல் இலங்கையில் வருமான வரி அறிமுகமானபோது, புங்குடுதீவிலும் காரைநகரிலும் வேலணையிலும் பிறந்து தென்னிலங்கை நகரங்களில் வாணிபம் செய்தவர்களுக்கே பெரும்பாலும் அதனோடு கொடுக்கல் வாங்கல் ஏற்பட்டது. ஊரில் இருந்தவர்களுக்குத் தெரிந்த வரி சோலை வரி ஒன்றுதான்.

இன்று நிலைமை வேறு. 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெறவேண்டும் என்று விதி வந்தது. எல்லோரும் ‘டின் நம்பர்’ என்று சொல்வது இதைத்தான். வாகனப் பதிவு போன்ற காரியங்களுக்கு இந்த இலக்கம் கேட்கப்படுகிறது. ஊர்காவற்றுறையில் மோட்டார் சைக்கிள் வாங்கும் இளைஞரும், நயினாதீவில் நிலையான வைப்பில் பணம் போட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும், நெடுந்தீவில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடும் குடும்பமும் இப்போது ஒரே திணைக்களத்தின் ஏட்டில் இருக்கிறார்கள், அல்லது இருக்க வேண்டியவர்கள்.

இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. இரண்டையும் மரியாதையோடு கேட்க வேண்டும்.

முதலாவது, மனத்தாங்கலின் பேச்சு. போரில் வீடும் வளவும் போய், 1990 களில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பற்றைக்காடு வெட்டிக் குடியேறியவர்களிடம் இப்போது வரிப் பத்திரம் கேட்பது எந்த நியாயம்? ஒரு நோயாளியை நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் கொண்டுசேர்க்க இன்றும் கடற்படைப் படகை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. கடையில் வாங்கும் பல பொருள்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து நூற்றுக்குப் பதினெட்டு வீதம் பெறுமதி சேர் வரி ஏற்கெனவே கட்டுகிறோம். இதற்கு மேலும் என்ன? இப்படிக் கேட்பவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் சொல்வதில் ஒவ்வொன்றும் உண்மை.

இரண்டாவது, பொதுநலத்தின் பேச்சு. 2022 இல் நாடு வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது. அந்த ஆண்டில் அரசுக்குக் கிடைத்த வரி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு எட்டு வீதத்துக்கும் குறைவு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட ஏற்பாட்டின் மையமே வரி வருமானத்தைக் கூட்டுவதுதான். வருமானம் உள்ளவர்களிடம் நேரடியாக வாங்காவிட்டால், அரசு அதைப் பால்மாவிலும் மண்ணெண்ணெயிலும் வாங்கும். அப்படி வாங்கும்போது நண்டு வலை இழுப்பவரும் நகைக்கடை முதலாளியும் ஒரு கிலோ சீனிக்கு ஒரே வரியைக் கட்டுகிறார்கள். நேரடி வரி ஒழுங்காக நடந்தால்தான் மறைமுக வரி குறைவதற்கு வழி பிறக்கும். இதுவும் உண்மை.

இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தோன்றும். ஆனால் அன்றாட நடைமுறைக்கு இறங்கி வந்தால், இரு பக்கத்தாரும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்: கையில் பத்திரம் இல்லை. வரி கட்ட வேண்டியவரிடமும் இல்லை, வரி கட்டத் தேவையில்லை என்று காட்ட வேண்டியவரிடமும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை; அதற்கு முன் இந்த எல்லை 12 இலட்சமாக இருந்தது. 18 இலட்சத்துக்கு மேல் வரும் முதல் பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு ஆறு வீதம். ஆகவே, ஆண்டுக்கு 20 இலட்சம் உழைக்கும் ஒருவர் கட்டவேண்டிய வரி 12,000 ரூபா. இதே திகதியிலிருந்து வங்கி வட்டியில் பிடிக்கும் வரி ஐந்து வீதத்திலிருந்து பத்து வீதமாகியது. வேறு வருமானம் எதுவும் இல்லாத ஒரு மூதாட்டி, கணவர் விட்டுச்சென்ற 15 இலட்சத்தை நூற்றுக்கு எட்டு வட்டிக்கு வங்கியில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 1,20,000 ரூபா. வங்கி பிடித்துக்கொள்ளும் தொகை 12,000 ரூபா. இருபது இலட்சம் உழைப்பவர் கட்டும் அதே தொகை! அந்த மூதாட்டியோ வரி கட்டவேண்டியவரே அல்லர். டின் இலக்கத்தோடு தம் வருமானம் எல்லைக்குள்தான் என்று ஒரு சுயபிரகடனத்தை வங்கிக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பிடிப்பே நடந்திராது.

ஆகவே பத்திரம் சேர்ப்பது வசதியுள்ளவர்களின் விவகாரம் மட்டுமன்று. வசதி குறைந்தவர்களுக்குத்தான் அதில் இழப்பதற்கு அதிகம் இருக்கிறது. டின் எடுத்தால் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு நின்றுவிடும், எடுத்த மறுநாளே வரி அறிவித்தல் வந்துவிடும் என்ற பயத்தில் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். பதிவு என்பது வரி அன்று. அதைச் சொல்லிப் பயத்தைத் தெளிவிப்பது முதலில் திணைக்களத்தின் கடமை. அடுத்து, விபரம் தெரிந்த நம் ஒவ்வொருவரின் கடமை.

சரி, எவற்றைச் சேர்ப்பது?

மாதச் சம்பளக்காரருக்கு வேலை குறைவு. மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. மார்ச் கழிந்ததும் வேலை கொள்வோரிடம் அந்த ஆண்டுக்கான சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் ‘ரி-10’ சான்றிதழைக் கேட்டு வாங்கினால் பாதிக் காரியம் முடிந்தது. ஓய்வுபெற்ற அரச ஊழியருக்கு அரசு கொடுக்கும் ஓய்வூதியம் வரியிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் அவருடைய வைப்பு வட்டி விலக்கப்பட்டதன்று. ஒவ்வொரு வங்கியிலும் வட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கி, ஊர்காவற்றுறையில் ஒரு வங்கி, இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வவுனியாவில் திறந்து மறந்துபோன இன்னொன்று என்று கணக்குகள் சிதறியிருப்பது நம் பக்கத்துக் குடும்பங்களில் வழக்கம். மறந்த கணக்கும் கணக்குத்தான்.

கடற்றொழிலாளர் விடயம் அவ்வளவு இலகுவன்று. நண்டும் மீனும் கரையிலேயே கைமாறுகின்றன. வாங்குகிறவர் கொடுக்கும் துண்டில் நிறையும் விலையும் இருக்கும். பலவேளை திகதி இராது, விற்றவரின் முழுப்பெயரும் இராது. முற்பணத்துக்குக் கழித்தது எவ்வளவு என்பது ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஓர் எண்ணாக இருக்கும். எண்ணெய்ச் செலவு, வலை வாங்கிய செலவு, இயந்திரம் திருத்திய கூலி இவற்றுக்குப் பற்றுச்சீட்டு வைத்திருப்பவர் மிகச் சிலர். இதன் விளைவு என்ன? வங்கிக் கணக்கில் விழுந்த தொகை மட்டும் கண்ணுக்குத் தெரியும், அதை உழைக்கப் போன செலவு தெரியாது. ஓர் ஆண்டில் 30 இலட்சத்துக்கு நண்டு விற்று, அதில் 16 இலட்சம் எண்ணெய்க்கும் வலைக்கும் கூலிக்கும் போன ஒருவரின் வருமானம் 14 இலட்சம்தான். அவர் வரி எல்லையை எட்டவே மாட்டார். ஆனால் 16 இலட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லையென்றால், அதிகாரியிடம் அவர் சொல்வதை எதை வைத்து ஏற்பது? அதிகாரியையும் முழுதாகக் குறைசொல்ல முடியாது. கண்ணால் காணாத செலவை ஏற்றுக் கையொப்பமிட்டால் நாளை கணக்காய்வுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சங்கத்தின் பெயரில் இரண்டு பிரதி விழும் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை அச்சடித்து அங்கத்தவர்களுக்குக் கொடுப்பது பெரிய செலவன்று. வாங்குகிற கொம்பனிகளும் வாடிக்காரரும் திகதியும் பெயரும் போட்டுக் கொடுக்கச் சம்மதிப்பார்கள் என்றே நம்பலாம். அவர்களும் தங்கள் கொள்வனவுச் செலவைக் காட்ட வேண்டியவர்கள்தானே. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் கடை போடுகிறவர்களுக்கும், நெடுந்தீவில் பயணிகளை ஏற்றித் திரியும் ஓட்டோக்காரருக்கும் இதே முறை பொருந்தும். சில வாரங்களில் உழைப்பதை ஆண்டு முழுவதும் நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது, அன்றன்று எழுதினால்தான் உண்டு.

சீட்டுகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. பெரிய கடைகளிலும் எண்ணெய் நிலையங்களிலும் இயந்திரம் துப்பும் வழுவழுப்பான பற்றுச்சீட்டு சில மாதங்களில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நம் வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் இன்னும் விரைவில். வாங்கிய அன்றே கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து வைப்பதும், பெரிய தொகைக்குப் போட்டோப் பிரதி எடுப்பதும் நல்லது. பத்திரங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று கொள்க. ஐந்து மாரியைத் தாங்கும் ஒரு பிளாஸ்ரிக் உறையும், கறையான் ஏறாத ஓர் இடமும் தேவை.

இனி எல்லாவற்றிலும் சிக்கலானது: சொத்து. வருமானக் கூற்றோடு தனிநபர் தம் சொத்துகளையும் கடன்களையும் காட்டும் கூற்றையும் கொடுக்க வேண்டும். காணி, வீடு, வாகனம், வைப்பு, நகை, கடன் எல்லாம் அதில் வரும். இது புதிதாக நம்மீது வந்து விழுந்த பழக்கமன்று. தென்னிலங்கையில் கடை நடத்திய தீவக வணிகர் ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்காமல் புதுக்கணக்கு எழுதமாட்டார்கள். ஆனால் அவர்கள் எடுத்தது கடையின் ஐந்தொகை. குடும்பத்தின் ஐந்தொகையை எழுத உட்கார்ந்தால்தான் நம் பாடு தெரியும்.

தேசவழமையின்படி சீதனமாக வந்த காணி, முதுசமாக வந்த காணி, தேடிய தேட்டம் என்று ஒரு குடும்பத்தின் நிலமே மூன்று வகையாகப் பிரிந்து நிற்கிறது. உறுதி பாட்டியின் பெயரில் இருக்கும். பாட்டியின் ஆறு பிள்ளைகளில் இருவர் காலமாகியிருப்பார்கள், மூவர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இருப்பார்கள், ஊரில் இருக்கும் ஒருவர் வேலியடைத்து, பனை பார்த்து, வீட்டை யாரோ ஓர் உத்தியோகத்தருக்கு வாடகைக்கு விட்டிருப்பார். அற்றோனித் தத்துவம் எழுதப்பட்டிருக்கும், அல்லது ‘எழுதுவோம்’ என்று தொலைபேசியில் பேசியதோடு நின்றிருக்கும். இந்த வீட்டு வாடகை யாருடைய வருமானம்? வாடகையில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கை வீடு பராமரிக்கும் செலவுக்கென்று கழித்துக்கொள்ள சட்டம் இடங்கொடுக்கிறது. ஆனால் கழிப்பவர் யார் என்பது குடும்பம் தீர்மானிக்க வேண்டியது. பேசாமல் விட்டால் ஊரில் இருப்பவரின் கணக்கில் முழு வாடகையும் ஏறும், வெளிநாட்டில் இருப்பவர் தம் பங்கை மறந்திருப்பார். நாளை காணி விற்கும்போது இருவருக்கும் வழக்கு.

மூல உறுதி தொலைந்தவர்களும் இருக்கிறார்கள். இடப்பெயர்வில் ஒரு துணிப்பையோடு போனவர்களுக்கு உறுதியைத் தேடி எடுக்க நேரம் இருந்திருக்காது. யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அதற்கு உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ காணியின் பெயரோ ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது வரிக்காக மட்டுமன்று, பிள்ளைகளுக்கிடையிலான சமாதானத்துக்காகவும்தான். இந்த ஒரு விடயத்திலாவது வெளிநாட்டு உறவினர்கள் கோடையில் ஊருக்கு வரும்போது திருவிழாவுக்கு ஒதுக்கும் நாட்களில் ஒன்றைக் காணிப் பத்திரங்களுக்கும் ஒதுக்கினால் நன்று.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அண்ணன் தங்கைக்கு வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணமும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்து இணையவழி வேலை செய்து ஒருவர் பெறும் ஊதியமும் ஒன்றல்ல. பின்னதற்கு 2025 ஏப்ரலிலிருந்து உயர்ந்தபட்சம் நூற்றுக்குப் பதினைந்து வீதம் என்ற வரையறையோடு வரி வந்திருக்கிறது. முன்னது குடும்ப உதவி. ஆனால் வங்கி ஏட்டில் இரண்டும் வெறும் வரவாகத்தான் தெரியும். ஆகவே பணம் அனுப்பியவர் யார், எதற்கு என்பதைக் காட்டும் வங்கிச் சீட்டை வைத்திருப்பது பின்னால் வரும் விளக்கங்களைச் சுருக்கும்.

பத்திரங்கள் எல்லாம் இருந்தும் தடுமாறுகிறவர்கள் உண்டு. காரணம், பெயர். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் வேறொன்று, உறுதியில் மூன்றாவது. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். புதியதில் பன்னிரண்டு இலக்கம். வங்கிக் கணக்குப் பழைய இலக்கத்தில் இருக்க, டின் புதிய இலக்கத்தில் பதியப்பட்டிருந்தால் இரண்டும் ஒருவரே என்று கணினிக்குத் தெரியவேண்டிய கட்டாயமில்லை. விலாசமோ இடம்பெயர்ந்திருந்த காலத்து முகாம் விலாசம். இவை பொதுமக்களின் தவறல்ல. போர்க்காலம் எழுதிய எழுத்துப் பிழைகள். ஒரு கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பிரதேச செயலகத்தின் ஒப்புதலும் இருந்தால் வங்கியும் திணைக்களமும் ஏற்றுக்கொள்ளும் என்ற எளிய ஒழுங்கு ஒன்று வடமாகாணத்துக்காவது வேண்டும். தீவகம் வடக்கு, தீவகம் தெற்கு, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய நான்கு பிரதேச செயலகங்களும் சேர்ந்து கேட்டால் இது நடக்காத காரியமன்று.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி வீட்டுக்குள் செய்யக்கூடியது. மீதிக்கு வெளியார் உதவி வேண்டும். அதற்கு ஒரு நல்ல முன்மாதிரி நம் உறவினர் வாழும் நாட்டிலேயே இருக்கிறது. கனடாவில் ஏப்ரல் 30 க்குள் வரிக் கூற்றுக் கொடுக்க வேண்டும். அங்கு வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூகத் தொண்டர் வருமான வரித் திட்டம் என்ற ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. வரித் திணைக்களம் பயிற்சி கொடுக்கும். ஊர் அமைப்புகள் இடம் கொடுக்கும். தொண்டர்கள் பதிவாகி, எளிய கூற்றுகளை இலவசமாக நிரப்பிக் கொடுப்பார்கள். சிக்கலான கணக்கைத் தொடமாட்டார்கள்.

தீவகத்தில் இதைச் செய்ய ஆட்கள் இல்லையா? பாடசாலைகளில் வணிகக் கல்வி படிப்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. அவற்றில் பல மாலையில் பத்திரிகை வாசிப்பவர் இருவரைத் தவிர வெறுமையாகக் கிடக்கின்றன. புலம்பெயர் ஊர்ச் சங்கங்கள் ஆலயத் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் மனம் கோணாமல் கொடுக்கின்றன. ஒரு மடிக்கணினியும் ஒரு ஸ்கானரும் இணைய இணைப்பும் அவற்றோடு ஒப்பிட மிகச் சிறிய செலவு.

ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்து இதைத் தொடங்கக்கூடாது. இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடைக்குப் போய்ப் பாருங்கள். கணினித் திரை முழுவதும் யார் யாருடையவோ அடையாள அட்டைப் படங்கள் கிடக்கும். வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் கிடக்கும். கடவுச்சொல்லை எழுதிய மஞ்சள் தாள் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். கடைக்காரர் கெட்டவரல்லர், அடுத்த முறை வந்தால் உதவும் என்றுதான் வைத்திருக்கிறார். ஆனால் ஒருவரின் டின் இலக்கமும் இரகசிய எண்ணும் வேறொருவர் கையில் இருப்பது வீட்டுச் சாவியைச் சந்தியில் தொங்கவிடுவது போன்றது. உதவுகிறவர் வேலை முடிந்ததும் பிரதியை அழிக்க வேண்டும், இரகசிய எண்ணை உரியவரே தம் கையால் அழுத்த வேண்டும், எழுத இயலாதவர் வீட்டார் ஒருவரைக் கூட்டிவர வேண்டும் என்பதை முதல் நாளிலேயே விதியாக்க வேண்டும். ஊர்ப்பேச்சும் ஒரு தடைதான். ‘இன்னாருக்கு வங்கியில் இவ்வளவு கிடக்கிறதாம்’ என்று ஒரு தரம் வெளியே போனால், அடுத்த கிழமை அந்த வாசிகசாலைக்கு யாரும் வரமாட்டார்கள். பக்கத்துத் தீவின் பிள்ளைகள் நம் தீவுக்கும், நம் பிள்ளைகள் அவர்கள் தீவுக்கும் போய் உதவுவது இதற்கு ஒரு வழியாகலாம்.

திணைக்களத்திடமும் சிலவற்றைப் பணிவோடு கேட்க வேண்டும். 1944 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, இணையவழி வசதி இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, இவற்றை மதிக்கிறோம். அந்த அலுவலகத்தின் ஊழியர்கள் எத்தனை பேரின் கோப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் உணர்கிறோம். ஆயினும் அனலைதீவிலிருந்து ஒருவர் ஒரு கையொப்பத்துக்காக ஊர்காவற்றுறைக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் வந்தால் அன்றைய தொழில் போய்விடும். அங்கு ஒரு பத்திரம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாளும் போகும். என்னென்ன பத்திரம் கொண்டுவர வேண்டும் என்ற ஒரு பக்கத் தாளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் இறங்குதுறையிலும் ஒட்டினாலே பாதி அலைச்சல் குறையும். சுவரில் ஒட்டிய தாள் அதிகாரிக்கும் நன்மை, ஒரே விளக்கத்தை நூறு தடவை சொல்லவேண்டியதில்லை.

திகதியையும் சிந்திக்க வேண்டும். ஆண்டு வரியின் மீதியைச் செப்டெம்பர் 30 க்குள் செலுத்தி, கூற்றை நவம்பர் 30 க்குள் கொடுக்க வேண்டும். நவம்பர் நமக்கு மாரி. காற்றும் மழையும் மிகுந்தால் படகு ஓடாது. 2025 இல் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டது நவம்பர் இறுதியில், கடைசித் திகதிக்கு இரண்டொரு நாள் முன்னர். தாமதத்துக்குத் தண்டம் உண்டு. அதைக் கட்டிவிட்டுக் கடலைக் காரணம் சொல்லி மேன்முறையீடு செய்வதைவிட வைகாசி ஆனியிலேயே பத்திரங்களைச் சேர்த்து முடிப்பது உசிதம். வங்கிகளும் ஏப்ரலிலேயே வட்டிச் சான்றிதழ்களைத் தயார்செய்து, கேட்டு வருபவரை ‘பிறகு வாருங்கள்’ என்று அனுப்பாதிருந்தால் பெரிய உதவி. முதியவர்களின் சுயபிரகடனத்தை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், வைப்பைப் புதுப்பிக்க வரும் நாளிலேயே அதையும் வாங்கிக்கொள்வது வங்கிக் கிளைகளால் இயலும்.

கட்டுகிற வரிக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. அது நியாயமான கேள்வி. பிரதேச சபைகளும் பிரதேச செயலகங்களும் தத்தம் தீவுக்கு அந்த ஆண்டு எந்த வேலைக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பதை ஒரு பலகையில் எழுதி இறங்குதுறையில் வைத்தால் பேச்சின் போக்கே மாறும். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தின் கதையில் ஊர்ப் பெரியவர்களின் விடாமுயற்சியும் உண்டு, அரச பணமும் உண்டு. ஒன்று மற்றதற்காகக் காத்திருந்திருந்தால் இன்றும் படகில்தான் போய்க்கொண்டிருப்போம்.

மேலே சொன்ன பத்திர உதவிக்கான முதல் முயற்சியை நெடுந்தீவில் தொடங்கலாம் என்பது எம் கருத்து. எட்டத்தில் இருக்கும் தீவில் நடக்கும் ஒழுங்கு மற்றவற்றில் நடக்காமல் போகாது. நடமாடும் சேவை என்று அறிவித்து, அதிகாரிகள் காலையில் குறிகட்டுவானில் படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் வந்து, மாலைப் படகுக்குத் திரும்புவதானால், மக்களோடு இருக்கக் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே. வரிசையில் நிற்கும் கடைசி முப்பது பேர் வெறுங்கையோடு வீடு போவார்கள். ஓர் இரவு தங்கி இரண்டு நாள் செய்வதானால் தங்குமிடத்தைப் பிரதேச செயலகம் பார்த்துக்கொள்ளலாம், சாப்பாட்டை ஊர் பார்த்துக்கொள்ளும். முதல் நாள் பத்திரம் குறைந்தவர் அதை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் வந்துவிடுவார். வங்கி உத்தியோகத்தர் ஒருவரும் காணிப் பதிவகத்தைச் சேர்ந்த ஒருவரும் அதே படகில் வந்தால் இன்னும் நல்லது. அறிவித்தலைப் பத்து நாள் முன்னரே கோயிலிலும் தேவாலயத்திலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டி, படகு ஓடாவிட்டால் மாற்றுத் திகதி எது என்பதையும் அதே தாளில் போட்டுவிட வேண்டும்.